கணுக்காலில் கடிகாரம்

நாள் முழுக்க ஊசியோடு குடித்தனம் நடத்தும் தையல்காரருக்கு, அதே ஊசி தன் உடம்பில் ஏறும் என்றால் மட்டும் குலை நடுங்கும். அது தெரிந்தேதான் டாக்டரம்மா மிரட்டினார். “தினம் ஆறாயிரம் அடி நடங்க. மூணு மாசத்துல சர்க்கரை குறையலன்னா தினமும் ஊசிதான்.”

மகள் வாங்கித் தந்த, அடி எண்ணும் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு மறுநாளே கிளம்பினார். நடைபாதையில் பக்கத்துக் கடை டயர்கள். அதைத் தாண்டினால் பாத்திரக் கடை வாளிகள். அதையும் தாண்டினால் மூடியில்லாத சாக்கடை. சாலையில் இறங்கினால் லாரி உரசியது. கால் கட்டைவிரலைப் பெயர்த்துக்கொண்டு, தெருவையே திட்டித் தீர்த்தபடி திரும்பி வந்து மெஷினில் உட்கார்ந்தார்.

அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன யோசனை உதித்தது. கடிகாரத்தைக் கழற்றிக் கணுக்காலில் கட்டிக்கொண்டு பெடலை மிதித்தார். சாயங்காலத்துக்குள் பன்னிரண்டாயிரம்!

மூன்று மாதமும் உட்கார்ந்த இடத்திலேயே ஊர் சுற்றினார். ரத்தத்தைப் பரிசோதித்தால் சர்க்கரை ஏறியிருந்தது.

“தினம் பன்னிரண்டாயிரமா? எங்க நடக்கிறீங்க?”

“நம்ம தெருவுலதாம்மா.”

“அந்தத் தெருவுலயா?”

டாக்டரம்மா லேசுப்பட்டவர் இல்லை. அன்று மாலையே நேரில் பார்க்க வந்துவிட்டார். சாக்கடையைத் தாண்டினார், வாளிகளைத் தாண்டினார், டயர்களையும் தாண்டினார். தையல் கடை வாசலில், நடைபாதை நடுவே கோட்டு போட்டு நின்ற பொம்மையைத்தான் தாண்ட முடியவில்லை. அவரும் பொம்மையும் கட்டிப்பிடித்தபடி விழுந்தார்கள். விழுந்த இடத்திலிருந்து பார்த்தால் நேர் எதிரே பெடலும் கணுக்கால் கடிகாரமும்.

தையல்காரர் வெட்கத்தில் கூனிக் குறுகிப் போனார். பட்டன் தைத்துக்கொண்டிருந்த மனைவி ஓடிவந்து டாக்டரம்மாவைத் தூக்கிவிட்டு, புருஷனை ஒரு பிடி பிடித்தாள். “ஊர்ல எல்லாரையும் திட்டினீங்களே, நம்ம பொம்மை மட்டும் காத்து வாங்கவா நிக்குது?”

டாக்டரம்மா முழங்காலைத் தடவிக்கொண்டார். “இன்னும் ஒரு மாசம் தர்றேன். அப்புறம் ஊசிதான்.”

அவர் போனதும் தையல்காரர் பொம்மையைத் தூக்கி உள்ளே வைத்தார். பிறகு பக்கத்துக் கடைக்குப் போனார்.

“அண்ணே, இந்த டயரையெல்லாம் கொஞ்சம் உள்ள எடுத்துக்குங்க.”

“முதல்ல உங்க பொம்மையை எடுங்க.”

“எடுத்தாச்சு. வந்து பாருங்க.”

டயர்காரர் எட்டிப் பார்த்தார். வேறு வழியில்லாமல், முனகிக்கொண்டே டயர்களை உள்ளே உருட்டினார்.

தையல்காரர் கடிகாரத்தைக் கைக்கு மாற்றிக்கொண்டு, இரண்டு கடை நீளத்தையும் நடந்து பார்த்தார். முப்பத்தொரு அடி. ஆறாயிரத்துக்கு இன்னும் நிறையக் கடைகள் இருந்தன. ஊசியை ஒருமுறை நினைத்துக்கொண்டு, வாளிக் கடை வாசலில் போய்த் தொண்டையைக் கனைத்தார்.