போன் 17

மூண்டா ஊரில் ஓப்பி வீடும் ட்ரெலோர் வீடும் தாத்தா காலத்திலிருந்தே கீரியும் பாம்பும்தான். இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து. அது லிண்ட்சே ஓப்பிக்குச் சொந்தம். அதன் வாசலில் இரும்புக் கேட், கேட்டில் பூட்டு.

பக்கவாதம் வந்த ட்ரெலோர் வீட்டு ராஸ் வெள்ளிக்கிழமை சக்கர நாற்காலியில் வீடு திரும்ப வேண்டும். முன்வாசலிலோ செங்குத்துப் படிகள். சந்து வழியாகப் பின்கட்டுக்குப் போனால் தரை சமம். அந்த வழி கிடைக்காவிட்டால் முதியோர் இல்லம்தான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ராஸின் மனைவி கிளெனிஸ் பிறந்ததும் வாழ்வதும் இதே ட்ரெலோர் வீட்டில். வெட்கத்தை விட்டு லிண்ட்சேயிடம் போய்க் கேட்டாள்.

"எங்க தாத்தா சொல்லிட்டுப் போனது ஒண்ணுதான், கிளெனிஸ். உங்க வீட்ல நாங்க ஒரு துரும்பு வாங்கினதில்ல. கொடுக்கவும் மாட்டோம்."

"துரும்பு யாருக்கு வேணும்? வழிதானே கேக்கறேன்."

கதவைச் சாத்திவிட்டான். கூடப் படித்தவன், மனுஷனா இவன்? பொருமிக்கொண்டே அவள் வீடு திரும்பினாள்.

மறுநாள் மதியம் ஆலங்கட்டி மழை. ஓப்பி வீட்டுப் பழைய கடை முகப்பில் எந்தக் காலத்திலோ அடித்த தகரம் பெயர்ந்து தெருவில் விழுந்தது. அடியில் பழைய எழுத்து பளிச்சென்றிருந்தது: 'ஓப்பி, குதிரைச் சேணம் செய்பவர். போன் 17.'

கிளெனிஸ் தன் வீட்டுச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். மங்கிய சிவப்பில் அங்கே எப்போதும் இருப்பது: 'ட்ரெலோர், இறைச்சிக் கடை. போன் 17.' டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்து கையால் இணைப்புக் கொடுத்த காலத்து எண். அந்தப் போன் கருவி இன்றும் அவள் அடுக்களைச் சுவரில்தான் மாட்டியிருக்கிறது.

சத்தம் கேட்டுக் கூடிய கூட்டத்திலிருந்து பேக்கரிக்கார ஹேசல் கேட்டாள்: "அப்போ ஓப்பிக்கு வந்த ஆர்டர் எல்லாம் ட்ரெலோர் அடுக்களைலதான் வந்துச்சா?"

சிலர் சிரித்தார்கள். லிண்ட்சே முகத்தில் ஈயாடவில்லை. கிளெனிஸுக்கு ஒரு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. ராஸை நினைத்து விழுங்கினாள்.

"தெருவுல காரு வரும், லிண்ட்சே. தகரத்தோட அந்த முனையப் பிடி."

இருவரும் தூக்கிப் போனார்கள்.

"தாத்தா இதச் சொல்லவே இல்ல" என்றான்.

"எங்க வீட்லயும் யாரும் சொல்லிக் காட்டல."

வெள்ளிக்கிழமை ராஸை ஏற்றிய வண்டி வந்தபோது சந்தில் பூட்டு இல்லை. கேட்டே இல்லை. கீலோடு கழற்றி லிண்ட்சே அதைச் சுவரில் சாத்திக்கொண்டிருந்தான்.

"பூட்ட எடுத்திருந்தாலே போதுமே" என்றாள் கிளெனிஸ்.

"கேட் இருந்தா ஒவ்வொரு தடவையும் நீ வந்து கேட்டுக்கிட்டு நிப்பியா?"