பிரிக்காத பட்டறை

வாலிகண்டபுரத்தில் செல்லமுத்து ஒரு வார்த்தை சொன்னால் அதற்குச் சாட்சி வேண்டியதில்லை. அவர் அப்பன் காலத்திலிருந்தே அந்த வீட்டுக்கு அப்படி ஒரு பேர். அந்தப் பேரை நம்பித்தான் பாடாலூரிலிருந்த மைத்துனர் உத்திராபதி, விதை வெங்காயத்துக்கு வேறெங்கும் சொல்லி வைக்காமல் வைகாசிக்கு நிலத்தை உழுது போட்டிருந்தார்.

விதை வீட்டுக்குப் பின்னால் பட்டறையில் இருந்தது. கல் அடுக்கி, மூங்கில் பரப்பி, சுற்றிலும் கீற்றுப் படல் கட்டி, காற்றாடக் கொட்டி வைத்த சின்ன வெங்காயம். மைத்துனருக்குப் பாதி, தங்கள் கொல்லைக்குப் பாதி. சித்திரையில் ஒரு சாயங்காலம் சூறைக்காற்றோடு மழை அடித்தது. மேலே கிடந்த தார்ப்பாய் ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது.

செல்லமுத்து டிராக்டரிலிருந்து விழுந்து, காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தார். மனைவி செங்கமலம் விடிந்தால் நூறு நாள் வேலைக்குப் போய்விடுவாள். மிச்சம், பிளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருந்த மகள் வெற்றிச்செல்விதான்.

"செல்வி, பட்டறையப் பிரிச்சு, நனஞ்சத நெழல்ல ஒலத்து. அழுகுனதப் பொறுக்கிடு. ஒண்ணு அழுகுனா பக்கத்துல இருக்கறதையும் கெடுத்துப்புடும்."

"நாளைக்குக் காலையில பண்றேம்ப்பா."

மறுநாள் போனை எடுத்து உட்கார்ந்தவள் நிமிர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. அது சோம்பல்தான், மறுப்பதற்கில்லை. அதற்கடுத்த நாள் பட்டறை வரைக்கும் போனாள். லேசாக ஒரு வாடை வந்தது. கை படல் கயிற்றைத் தொட்டுவிட்டது. பிரித்தால் எவ்வளவு கெட்டிருக்கிறதென்று தெரிந்துவிடும். பிரிக்காதவரை, ஓரத்தில் நாலு காய்தான் என்று நினைத்துக்கொள்ளலாம். கையை இழுத்துக்கொண்டாள். அன்றைக்கு அவளைப் பிடித்தது பயம். அதையும் சோம்பல் என்றே நினைத்து, தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டத் திட்ட அந்தப் பக்கம் போகவே கால் கூசியது.

துணி காயப்போடுவதை முன்வாசலுக்கு மாற்றினாள். யாரும் சொல்லாமலே பாத்திரம் தேய்த்தாள், அலமாரியைத் துடைத்தாள், பரண்மேல் ஏறி ஒட்டடை அடித்தாள்.

"என்னடி, கல்யாணக் களை வந்துடுச்சா? வேலையெல்லாம் தானா நடக்குது!" என்று செங்கமலமே வியந்தாள்.

ஒரு நாள் செல்லமுத்து கேட்டார். "பட்டறையப் பிரிச்சியா?"

"பிரிச்சிட்டேம்ப்பா."

"காய் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

அவள் கண்ணெதிரிலேயே அவர் போனை எடுத்தார். "மச்சான், விதை கெட்டியா இருக்குங்க. நாளைக்கு வண்டியக் கொண்டுட்டு வாங்க."

அவளுடைய பொய் அப்பாவின் வார்த்தையாகிவிட்டது. சாப்பிட்டபின் சொல்லிவிடலாம் என்றிருந்தாள். சாப்பிட்டபின், விடிந்ததும் சொல்லலாம் என்று படுத்தாள். விடியும்போதே லோடு ஆட்டோ வாசலில் நின்றது.

"எங்கடி மருமவளே? வெதையோட பொண்ணையும் சேத்து ஏத்திவுடறதாப் பேச்சா?" சிரித்துக்கொண்டே பின்பக்கம் போனார் உத்திராபதி. படலைத் தொட்டதும் சிரிப்பு நின்றது. மூங்கிலுக்கு அடியில் பழுப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிரித்தார். நனைந்த பக்கம் முழுக்கக் கூழாகி, கொதித்து, ஈ மொய்த்தது.

கம்பை ஊன்றிக்கொண்டு செல்லமுத்து வந்து சேர்ந்தார்.

"கெட்டியா இருக்குன்னியே மாப்ள, இதுவா கெட்டி? ஒன் வார்த்தையையும் இந்தப் பட்டறையிலதான் போட்டு வச்சிருந்தியா?"

ஆட்டோக்காரன் வேறு பக்கம் பார்த்தான். செல்லமுத்து மகளைப் பார்க்கவில்லை. "நேர்ல பாக்காம சொன்னது என் தப்புங்க மச்சான்" என்றார்.

அவர் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். வெற்றிச்செல்வி வாயைத் திறக்காமல் நின்றிருந்தால் விஷயம் அதோடு போயிருக்கும். மாமா போனபின் அப்பாவிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம். கயிற்றிலிருந்து கையை இழுக்க வைத்ததும் இதே நினைப்புதான் என்று அவளுக்கு அப்போது உறைத்தது.

"மாமா, பொய் சொன்னது நான். நான் பிரிக்கவே இல்ல. அப்பாவுக்குத் தெரியாது."

உத்திராபதி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "முன்னாடியே இந்த வாயத் தொறந்திருந்தா நான் வேற எடத்துல சொல்லி வச்சிருப்பனே. பட்டம் தப்பிப் போவுதேடி!"

"செல்வி, கூடைய எடு" என்றார் செல்லமுத்து. "மச்சான், இதுல தேறுறது மொத்தமும் ஒங்களுக்கு."

"அப்ப நம்ம கொல்லைக்கு?" என்றாள் செங்கமலம்.

"நம்ம கொல்லை கெடக்கட்டும்."

வெற்றிச்செல்வி உட்கார்ந்து கூழுக்குள் கையை விட்டாள். முதல் பிடியில் குமட்டிக்கொண்டு வந்தது. இத்தனை நாள் பயந்ததெல்லாம் அந்த ஒரு பிடிக்குத்தான். அடுத்தடுத்த பிடிகள் வெறும் வேலை. செல்லமுத்து கட்டுப்போட்ட காலை நீட்டித் தரையில் அமர்ந்து தானும் பொறுக்கினார்.

உச்சி வெயிலுக்கு முடிந்தது. தேறியது மைத்துனர் பங்குக்கே தட்டித் தடவித்தான் வந்தது.

"ரெண்டு வாய் சாப்ட்டுப் போண்ணே" என்றாள் செங்கமலம்.

"பசிக்கல" என்றார் உத்திராபதி. அந்த வீட்டில் கை நனைக்காமல் அவர் போனது அன்றைக்குத்தான்.

அழுகல் குவியலாகக் கிடந்தது. மகளின் விரல்கள் வெந்து சிவந்திருந்ததைச் செங்கமலம் பார்த்தாள். "வுடுடி. நாளைக்குப் பாத்துக்கலாம்."

அந்தச் சொல் இப்போதும் இனிப்பாகத்தான் இருந்தது. ஒரு கணம் நின்றாள்.

"இல்லம்மா" என்று கூடையைத் தலைக்குத் தூக்கினாள்.

விதைக்கென்று உழுது போட்ட கொல்லையைக் கடந்துபோய், கோடியிலிருந்த குழியில் கொட்டிவிட்டு, அடுத்த கூடைக்குத் திரும்பினாள். செல்லமுத்து உள்ளே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.