பின்வாசல் டிரிப் ஷீட்

எனக்குப் பொய் சொல்ல வராது. கோபப்பட வரும், புலம்ப வரும், தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே மூன்று பேரைத் திட்ட வரும். அப்படிப்பட்ட நான் இந்தக் குளிர்காலத்தில் ஒரு மாதம் முழுக்கத் தினமும் காலை ஏழே காலுக்குப் பொய் சொன்னேன். எல்லாம் என் நாத்தனாருக்காக.

நாத்தனார் என் வீட்டுக்காரரின் அக்கா. முப்பது வருடம் பஸ் கண்டக்டர். நின்று நின்றே முழங்கால் தேய்ந்து, நவம்பரில் ஆபரேஷன் ஆனது. தனியாக இருந்தவரை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். ஊன்றுகோலோடு நடந்த முதல் நாளே தடுமாறி விழுந்தார். பெரிய அடி ஒன்றுமில்லை, ஆனால் பயம் பிடித்துக்கொண்டது. கட்டிலை விட்டு இறங்கவே மாட்டேன் என்றுவிட்டார்.

"இன்னும் ஒரு மாசம்தான். இப்ப நடக்கலைன்னா முட்டி இறுகிடும், அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது" என்று பயிற்சி கொடுக்க வரும் பெண் சொல்லிவிட்டுப் போனாள். நான் கெஞ்சினேன், கத்தினேன். என் வீட்டுக்காரர், "ப்ளீஸ்க்கா" என்றார். அதற்கு மேல் அவருக்கு வசனம் கிடையாது. ஆள் அசைந்தால்தானே!

நாத்தனாருக்கு ஒரு கிறுக்கு உண்டு. பறவை. காலை முதல் பஸ் கிளம்பக் காத்திருக்கையில் டிப்போவில் ஆரம்பித்த பழக்கம். பஸ்ஸில் பயணிகள் கணக்குக்கு டிரிப் ஷீட் எழுதுகிற மாதிரியே நோட்டில் எழுதுவார். இன்ன பறவை, எத்தனை, ஏறிய இடம், இறங்கிய இடம். அந்த நோட்டும் இப்போது தலையணைக்கு அடியில் சும்மா கிடந்தது.

டிசம்பர் பிறந்த மறுநாள், பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பனியில் விரலெல்லாம் மரத்துப்போயிருந்தது. தண்ணீர்த் தொட்டி விளிம்பில் ஒரு வாலாட்டிக் குருவி நடந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் என் வாயில் என்ன புகுந்ததோ, "அக்கா! ஓடி வாங்க!" என்று கத்தினேன்.

"என்ன?"

"புதுசா ஒரு பறவைக்கா! நீல முதுகு, சிவப்புத் தொண்டை, நெத்தியில மஞ்சக் கோடு!"

"மஞ்சக் கோடா?"

"சத்தியமா!" சத்தியம் வேறு.

கட்டில் கிறீச்சிட்டது. ஊன்றுகோல் டொக்கென்றது. கட்டிலிலிருந்து பின்வாசலுக்குப் பன்னிரண்டு அடி. ஓடிப்போய்ப் பிடிக்க உடம்பு துடித்தது. ஈரப் போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். நிலையைப் பிடித்தபடி மூச்சிரைக்க வந்து நின்றார்.

"எங்கே?"

"ஐயோ, இப்பத்தான் பறந்துச்சு. லேட் பண்ணிட்டீங்க."

"நாளைக்குச் சீக்கிரம் கூப்பிடு" என்றார். வாசலில் நாற்காலி போட்டேன். அரைமணி நேரம் நோட்டோடு உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் தினமும் இதே கூத்துதான். ஒரு நாள் மதிலில், ஒரு நாள் பக்கத்து வீட்டுக் கூரையில். அவர் வருவதற்குச் சரியாக ஒரு நிமிடம் முன்னால் அந்தப் பாழாய்ப்போன பறவை பறந்துவிடும். அவர் ஒருமுறைகூடக் கோபப்படவில்லை. மூன்றாவது வாரம் ஊன்றுகோலை விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்து நடந்தார். பயிற்சிப் பெண் முழங்காலை மடக்கிப் பார்த்துக் கைதட்டினாள். ஆனாலும் வாசலைத் தாண்டி இரண்டு படி இறங்க மட்டும் மாட்டார். விழுந்தது அந்த மாதிரிப் படியில்தான்.

ஜனவரி முதல் தேதி காலை. அவர் முகம் கழுவப் போயிருந்தார். பழைய காலண்டரைக் கழற்றிப் புதுசை மாட்ட அவர் அறைக்குப் போனேன். டிசம்பர் தாளில் கை வைத்தவள் அதிலிருந்த பறவைப் படத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். நீல முதுகு. சிவப்புத் தொண்டை. நெற்றியில் மஞ்சள் கோடு. கட்டிலுக்கு நேர் எதிரே, நானே ஆணி அடித்து மாட்டியது, நானே தினமும் தூசு தட்டியது. மனுஷி மாதம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டுதான் படுத்திருந்திருக்கிறார்!

நோட்டு கட்டிலில் இருந்தது. அடுத்தவர் நோட்டைப் பிரிக்கக் கூடாதுதான். எனக்கேது பொறுமை?

முதல் நாள்: 'நீல முதுகு, சிவப்புத் தொண்டை. ஏறவில்லை. என் சுவரில்தான் இருக்கிறது. வாலாட்டி, ஒன்று. ஏறியது தொட்டி, இறங்கியது பக்கத்து மாடி.' அதற்குக் கீழே: 'தம்பி பெண்டாட்டி, ஒன்று. ஏறியது துணிக்கொடி. கை விறைத்திருக்கிறது. ஸ்வெட்டர் இல்லை. எனக்காகக் கத்துகிறது.'

மைனா, காக்கை, புறா என்று மற்றவை மாறிக்கொண்டே இருந்தன. நான் மட்டும் எல்லா நாளும் இருந்தேன். இறங்கிய இடம் எழுதப்படவே இல்லை. நேற்றைய தேதியில் மட்டும் எழுதியிருந்தார்: 'இறக்கிவிடுவதாக இல்லை.'

நோட்டை இருந்த இடத்திலேயே வைத்தேன். வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஏழே கால் ஆயிற்று. கூப்பிட வாய் வரவில்லை.

"ஏம்மா, இன்னிக்குப் பறவை வரலையா?" உள்ளேயிருந்து குரல்.

"வரலைக்கா."

சுவரை உரசிக்கொண்டு காலடிச் சத்தம் வந்தது. வாசலில் நின்றது. பிறகு ஒரு படி. இன்னொரு படி. திரும்பிப் பார்த்தால் என் பின்னால் நிற்கிறார், தோளில் என் ஸ்வெட்டர்.

"தெரிஞ்சும் ஏன்க்கா தினமும் வந்தீங்க?"

"பயமாத்தான் இருந்துச்சு. ஆனா ஒருத்தி எனக்காக இவ்வளவு கேவலமா பொய் சொல்றா. அதைக் கேட்டுட்டு எப்படிம்மா படுத்துக் கிடக்கறது? கையை நீட்டு."

நீட்டினேன். சின்னப் பிள்ளைக்குப் போடுவது போல் ஸ்வெட்டரைப் போட்டுவிட்டார். அம்மா போனபிறகு எனக்கு யாரும் அப்படிப் போட்டுவிட்டதில்லை. "ரொம்ப தேங்க்ஸ்க்கா" என்றேன்.

"நான் சொல்ல வேண்டியதை நீ சொல்றியா!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தொட்டி விளிம்பில் வாலாட்டி வந்து உட்கார்ந்தது. நிஜமாகவே.

"நோட்டை எடுத்துட்டு வா, சீக்கிரம்!"

"நீங்களே போய் எடுத்துட்டு வாங்க" என்றேன். "எனக்குத் துணி கிடக்கு."

என்னைத் திட்டிக்கொண்டே படியேறிப் போனார்.