உறைந்துபோன பிளக்குகள்

யூக்கான் ஆறு உறைந்து பாறையாக இறுகிக் கிடந்தது. அதன்மேல் பனிச்சறுக்குக் கட்டைகளில் நின்ற சின்ன விமானத்தின் மூக்கைத் தரைவரை கித்தானால் மூடி, இன்ஜினைச் சூடேற்ற உள்ளே அடுப்பை மூட்டிவிட்டுக் காவலுக்குக் குந்தியிருந்தாள் வினிஃப்ரெட். அடுப்பை விட்டு நகர முடியாது. ஒரு பொறி பறந்தால் விமானமே போய்விடும்.

காலையிலிருந்து அவளுடைய அண்ணன் எல்வுட்டுக்கு நெஞ்சுவலி. நகரத்து ஆஸ்பத்திரி விமானம் இந்தக் குளிரில் கிளம்பாதென்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். கிராமத்தில் விமானம் ஓட்டத் தெரிந்தவள் வினிஃப்ரெட் ஒருத்திதான்.

எல்வுட்டை முயல்தோல் போர்வையில் சுற்றி, சறுக்குவண்டியில் படுக்கவைத்து இழுத்துவந்திருந்தாள் அவன் மனைவி லூசில்.

"இன்னும் எவ்வளவு நேரம் வினி?"

வினிஃப்ரெட் கையுறையைக் கழற்றி இன்ஜினைத் தொட்டுப் பார்த்தாள். "உள்ளே இன்னும் சில்லுனுதான் இருக்கு அண்ணி."

"அவன் உதட்டைப் பாரு, நீலம் பாரிச்சிருக்கு. இன்ஜினைப் போட்டுத்தான் பாரேன்!"

எல்வுட் கண்ணைத் திறந்தான். "அவளை விரட்டாதே லூசில். அந்த விமானமும் என்னை மாதிரிதான். அடிச்சு எழுப்பினா முரண்டு பிடிக்கும்."

அவன் சிரிக்கப் பார்த்தான், இருமல்தான் வந்தது. அந்த இருமலைக் கேட்டதும் வினிஃப்ரெட்டின் உறுதி ஆட்டம் கண்டது. கித்தானை உருவினாள். அடுப்போரம் வைத்திருந்த சூடான ஆயிலை இன்ஜினில் ஊற்றினாள். ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றிவிட்டாள். இன்ஜின் இரண்டு தரம் செருமியது, படபடவென்று உயிர்பிடித்தது, அப்படியே அடங்கிவிட்டது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அரைகுறைச் சூட்டில் எரிந்த பெட்ரோலின் ஈரம் ஸ்பார்க் பிளக்குகளில் உறைந்திருக்கும். இனி எத்தனை சுற்றினாலும் பொறி வராது. எல்லாவற்றையும் கழற்றிச் சுடவைத்தாக வேண்டும்.

விரல் தோல் உலோகத்தில் ஒட்டிப் பிய்ந்தது. அதைப் பார்க்காமல் பிளக்குகளைக் கழற்றிக் கொடுத்தாள். லூசில் அவற்றை மடியில் அள்ளிக்கொண்டு, வாணலியில் சுடவைக்க வீட்டு அடுப்பை நோக்கி ஓடினாள்.

வினிஃப்ரெட் மறுபடி கித்தானைப் போர்த்து அடுப்பை மூட்டினாள். வெளியே எல்வுட் ஏதோ பேசிக்கொண்டிருந்தான்: ஆற்றில் பனிக்கட்டிக்கு அடியில் விட்ட மீன்வலையை யாராவது எடுக்கணுமாம், நாய்களுக்குத் தீனி போடணுமாம்.

"நான் பாத்துக்கறேண்ணா. நீ பேசாம படு."

அவன் பேசாமல்தான் படுத்தான். சற்றுப் பொறுத்து, "அண்ணா?" என்றாள். மீண்டும் கூப்பிட்டாள். கித்தானை விலக்கி ஓடிவந்து முகத்தைத் தொட்டாள். மூச்சின் வெண்புகை நின்றிருந்தது.

வாணலியில் சூடான பிளக்குகளோடு லூசில் ஓடிவந்தாள். பனியில் மண்டியிட்டிருந்தவளைப் பார்த்ததும் அவள் நடை தளர்ந்தது.

"எல்வுட், இங்க பாரு," என்றாள் மெல்ல. பிறகு வாணலியை வைத்துவிட்டு அவன் காலடியில் உட்கார்ந்தாள். "நான்தானே அவசரப்படுத்தினேன்."

"இல்ல அண்ணி. ஆகாதுன்னு தெரிஞ்சும் சுத்தினது நான்."

ஊர் கூடி அவனை வீட்டுக்கு எடுத்துப் போனது.

மறுநாள் காலை வினிஃப்ரெட் திரும்ப ஆற்றுக்கு வந்தாள். நகரத்தில் விடுதியில் தங்கிப் படிக்கும் எல்வுட்டின் மகளை அழைத்துவர வேண்டும். கித்தானுக்குள் அடுப்பு நிதானமாக எரிந்துகொண்டிருந்தபோது லூசில் உள்ளே நுழைந்து பக்கத்தில் குந்தினாள்.

"நானும் வர்றேன் வினி," என்றாள். "பொண்ணுகிட்ட நீ தனியா சொல்ல வேண்டாம்."