முழுக்குக்கு முன் ஓர் அழைப்பு

என் தங்கை ஷப்பீராவைக் கட்டிக்கொண்ட பர்ஷபா நல்லவன்தான், நெசவிலும் கெட்டிக்காரன். ஆனால் எதற்கெடுத்தாலும் அவசரம். எதெசா நகரத்தில் எங்கள் கிறிஸ்தவ சபையில் ஞானஸ்நானம் பெற வேண்டுமென்றால் பிரமச்சரியம் காக்க வேண்டும். கல்யாணமானவர்கள், இனி அண்ணன் தங்கையாக வாழ்வோம் என்று வாக்குக் கொடுக்க வேண்டும். அதனாலேயே பாதிச் சபை, தலை நரைக்கட்டும் என்று காத்திருக்கிறது. இவனோ, கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகாத நிலையில், பெண்டாட்டியை ஒரு வார்த்தை கேட்காமல் மூப்பரிடம், "நாங்க ரெண்டு பேரும் தயார்" என்று சொல்லிவிட்டு வந்து நின்றான்.

ஷப்பீரா சண்டை போடவில்லை. அன்றைக்கே அவனை அண்ணனாக்கிவிட்டாள்.

"அண்ணே, பருப்புக் கஞ்சி ஆறுது, வாங்க."

"இப்பவே எதுக்குடி அண்ணே நொண்ணேன்னுட்டு?"

"பழகிக்க வேணாமா? ஆமா, தங்கச்சிக்கு எப்ப மாப்பிள்ளை பார்க்கப் போறீங்க? அண்ணன்னா ஒரு பொறுப்பு வேணும்."

பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த எனக்குக் கஞ்சி புரையேறிவிட்டது. அவனுக்குக் காதெல்லாம் சிவந்தது.

"உனக்குப் பரலோகம் வேணாமா?" என்றான்.

"வேணும். அங்க போனா நீங்க யாரோ, நான் யாரோ. இங்கயாவது புருஷனா இருந்துட்டுப் போங்களேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்; குரல் உடைந்துவிட்டது. வாக்குக் கொடுத்துவிட்டால் அவளுக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. அந்த மடையனுக்கு அது உறைக்கவே இல்லை.

உயிர்ப்புத் திருநாளுக்கு முந்தின நாள் சபை கூடியது. தொட்டியில் தண்ணீர் நிரப்பியிருந்தார்கள். வழக்கப்படி மூப்பர் உரக்கச் சொன்னார்: "குடும்ப வாழ்க்கையில மனசு இருக்கிறவங்க இப்பவே திரும்பிப் போயிடுங்க. தண்ணியில இறங்கின பிறகு மனசு மாறக் கூடாது."

வருஷா வருஷம் கேட்கிற பேச்சுதான். யாரும் திரும்பிப் போனதில்லை. ஷப்பீரா போனாள், பர்ஷபாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு.

"நீங்க இறங்குங்க. ஆண்டவர்கிட்ட எனக்குப் பொய் சொல்ல வராது."

சபையே வாயைப் பிளந்தது. பர்ஷபா தண்ணீரைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான். முழுக்குக்காகக் கழற்றி வைத்த மேலாடையைக்கூட எடுக்காமல் வெறுங்காலோடு ஓடினான். பின்னாலேயே நானும் ஓடினேன், எனக்கு இருப்புக்கொள்ளுமா?

தெருமுனையில் அவள் கையைப் பிடித்துவிட்டான்.

"ஏங்க வந்தீங்க?" அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எவ்வளவு நாள் ஆசைப்பட்டீங்க!"

"தண்ணி அடுத்த வருஷமும் இருக்கும்டி. நீ வாசலைத் தாண்டினதும் எனக்குப் பயமாப் போயிடுச்சு."