சந்துக்குள் வந்த இரண்டாம் வகுப்பு

மாதத்தின் மூன்றாம் வெள்ளிக்கிழமை வெள்ளாங்காட்டுப்புதூர் தொடக்கப்பள்ளி, பெற்றோர் வீடுகளுக்கு நடந்து வரும். உள்ளே பாடம் நடந்துகொண்டிருக்க, பள்ளிக்கூடம் தெருத்தெருவாகப் போய் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஐந்து நிமிடம் நிற்கும். பெற்றோர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, தங்கள் பிள்ளை எப்படிப் படிக்கிறது, பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், சட்டைப் பொத்தானைக் கடிக்கிறதா என்பதையெல்லாம் தெரிந்துகொள்வார்கள். நடந்து வந்த பள்ளிக்கூடத்தின் படியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி அனுப்புவது ஊர் மரியாதை.

முன்பெல்லாம் செய்திகளைத் தாளில் எழுதிப் பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்பினார்கள். வீடு போய்ச் சேர்வதற்குள் அவை ராக்கெட்டாகிவிட்டன. பிறகு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தார்கள். காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூக்களுக்கு அடியில் 'நாளை தடுப்பூசி' என்ற செய்தி மூச்சுமுட்டிக் கிடந்தது. கடைசியில், பள்ளிக்கூடமே ஒரு நடை போய்விட்டு வருவதுதான் சுலபம் என்று முடிவாயிற்று. கேட்டில் பலகையும் மாட்டினார்கள்: 'பெற்றோர் வரத் தேவையில்லை. நாங்களே வருகிறோம்.' அதற்கு மேலும் பள்ளிக்குப் போய் நிற்பது மரியாதை இல்லை என்று யாரும் போவதில்லை.

இந்த ஏற்பாட்டில் ஊருக்கே திருப்தி, பூங்கொடியைத் தவிர.

பூங்கொடி பனியன் கம்பெனியில் டெய்லர். கணவன் லாரியில் வடக்கே போனால் வர இருபது நாளாகும். அவள் வீடு ஒரு முட்டுச்சந்தின் கடைசியில் இருந்தது. அந்தச் சந்து முனையில் அகலமாக ஆரம்பித்து, உள்ளே போகப் போக மனம் மாறிக் குறுகிக்கொண்டே வரும். அவள் வாசலுக்கு வரும்போது ஒரு ஸ்கூட்டியும் ஒரு ஆடும் எதிரெதிரே வந்தால் ஆடுதான் விட்டுக்கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடம் எப்படி வரும்? அது முனைவீட்டு மரகதக்காவிடம் சேதியைச் சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடும்.

மரகதக்கா வாங்கிய சேதியை வாங்கியபடி கொடுக்கிற ரகம் இல்லை. கொஞ்சம் உப்பும் காரமும் சேர்த்துத்தான் பரிமாறுவாள்.

"உன்ற புள்ள அங்க வாயவே தொறக்கறதில்லையாமா, பூங்கொடி. கம்முனு உக்காந்திருக்குதாமா. மத்த புள்ளைங்கல்லாம் அதக் கண்டா ஒதுங்கிப் போகுதுகளாமா. என்னமோ, நீதான் பாத்துக்கோணும்."

பூங்கொடிக்கு இதை நம்பவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. மகள் மிருதுளா இரண்டாம் வகுப்பு. வீட்டில் அவளுக்கு வாய் ஓயாது. பல்லிக்கு எத்தனை விரல், பக்கத்து வீட்டு மாமாவின் மீசை ஏன் ஒரு பக்கம் மட்டும் நரைத்தது என்று தூக்கத்தில்கூடப் பேசுவாள். ஆனால், "பள்ளிக்கோடத்துல இன்னிக்கு என்ன கண்ணு நடந்துச்சு?" என்று கேட்டால் மட்டும், "ஒண்ணுமில்ல" என்பாள். அதோடு சரி. பிள்ளையை யாராவது மிரட்டுகிறார்களா, ஒரு சிநேகிதிகூடவா இல்லை என்று நினைத்து நினைத்து, ஒருநாள் பூங்கொடி நாற்பது பனியன்களுக்குக் கழுத்தை முதுகுப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டாள். அவளுக்குப் பயமாக இருந்தது. ஒரே ஒரு தடவை, தன் கண்ணால், பிள்ளை வகுப்பில் இருப்பதைப் பார்த்துவிட்டால் போதும் என்று இருந்தது.

அடுத்த மூன்றாம் வெள்ளி அரைநாள் லீவு போட்டுவிட்டு மரகதக்கா வீட்டு முன்னால் போய் நின்றாள். பள்ளிக்கூடம் வந்தது. அவளைத் தாண்டிப் பார்த்தது. சொந்த வாசலில் நிற்காத பெற்றோரைப் பள்ளிக்கூடத்துக்கு அடையாளம் தெரியாது. ஜன்னல்களைத் திருப்பி மரகதக்காவிடம் சேதியைச் சொல்லிவிட்டுக் கிளம்பியது. பூங்கொடி ஒரு குடம் தண்ணீரைச் சும்மா சுமந்துகொண்டு வீடு திரும்பினாள்.

அன்று இரவே மகளின் டைரியில் எழுதி அனுப்பினாள்: 'எங்கள் சந்து குறுகல். ஏதாவது ஏற்பாடு செய்யவும்.'

தலைமையாசிரியர் சென்னியப்பன்தான் இரண்டாம் வகுப்புக்கும் ஆசிரியர். அவர் கீழே சிவப்பு மையில் எழுதினார்: 'வாசல் எதிரே சந்தின் அகலத்தை அளந்து அனுப்பவும்.'

பூங்கொடி கம்பெனி டேப்பால் அளந்து எழுதினாள்: 'ஐம்பத்தெட்டு அங்குலம்.'

பதில் மூன்று நாள் கழித்து வந்தது. 'இரண்டாம் வகுப்பு அறை பதினாறு அடி. பிள்ளைகள் இருபத்தெட்டுப் பேரும் சேர்ந்து மூச்சை உள்ளிழுத்துப் பிடித்தால் ஐம்பத்தெட்டு அங்குலத்துக்குச் சுருங்கும். பயிற்சி தொடங்கிவிட்டது.'

பத்து நாள் பயிற்சி நடந்தது. மிருதுளா வீட்டிலும் கன்னத்தை உப்பிக்கொண்டு மூச்சை அடக்கிப் பார்த்தாள். அந்த வீட்டில் பேச்சில்லாமல் கழிந்த நிமிடங்கள் அவை மட்டும்தான்.

அடுத்த மாத மூன்றாம் வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் பள்ளிக்கூடம் முனைக்கு வந்தது. இரண்டாம் வகுப்பு மற்ற வகுப்புகளிடம் சொல்லிக்கொண்டு தனியாகப் பிரிந்தது. மற்றவை வேப்பமர நிழலில் ஒதுங்கி நின்றன. சென்னியப்பன், "இழுங்க!" என்றார். இருபத்தெட்டுப் பேரும் இழுத்தார்கள். வகுப்பறை ஒல்லியாகி, சந்துக்குள் பக்கவாட்டில் நகர்ந்து வந்தது. மரகதக்கா தன் வாசலில் எக்கி எக்கிப் பார்த்தாள். அறையின் முதுகுச்சுவரைத் தவிர அவளுக்கு எதுவும் தெரியவில்லை. அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

பூங்கொடியின் வாசலுக்கு நேராக வந்ததும் வகுப்பறை 'டொக்' என்று சிக்கிக்கொண்டது. பிள்ளைகளால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. எல்லோரும் மூச்சை விட்டார்கள். அறை இரண்டு பக்கச் சுவரோடும் இறுகி உட்கார்ந்துவிட்டது.

சென்னியப்பன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "அம்மிணி, அம்பத்தெட்டுன்னுதான எழுதியிருந்தீங்க?"

"அளந்தது அம்பத்தேழுதானுங்க சார். தையலுக்கு ரெண்டு பக்கமும் அரையரை இஞ்சு விட்டு எழுதிட்டனுங்க. கை பழக்கம்."

"நல்ல பழக்கந்தானுங்க" என்று சொல்லிவிட்டு, அவர் வருகைப் பதிவேட்டில் அதைக் குறித்துக்கொண்டார். பிள்ளைகள் களைப்பு தீரும்வரை வகுப்பு இங்கேயே நடக்கும் என்றும் சொன்னார்.

இப்படியாக, ஊரில் எல்லாருக்கும் ஐந்து நிமிடம் கிடைத்தபோது பூங்கொடிக்கு முழுசாக ஒன்றரை மணி நேரம் கிடைத்தது. அவள் வீட்டு ஜன்னலும் வகுப்பு ஜன்னலும் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டு நின்றன. அவள் மூச்சுக்கூட விடாமல் ஓரமாக நின்று பார்த்தாள்.

மிருதுளா மூன்றாவது பெஞ்சில் இருந்தாள். மரகதக்கா சொன்னது உண்மைதான். வாயே திறக்கவில்லை.

சிறிது நேரத்தில் சென்னியப்பன் எழுந்தார். முனையில் நிற்கிற மற்ற வகுப்புகள் நிழலுக்காக ஒன்றையொன்று தள்ளிக்கொள்கின்றன, போய் ஒரு அதட்டல் போட்டுவிட்டு வருகிறேன் என்றார். பின்கதவு வழியாகப் போகும்போது, "மிருதுளா, பேசறவங்க பேர எழுதி வை" என்றார்.

மிருதுளா எழுந்து போய்ச் சாக்பீஸை எடுத்தாள். கரும்பலகை ஓரத்தில் 'பேசியவர்கள்' என்று எழுதிக் கோடு போட்டுவிட்டு வகுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றாள். முதல் வரிசைப் பையன்கள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்கள். கடைசி வரிசையில் ஏதோ கிசுகிசு. 'கவின்' என்று எழுதினாள். இன்னொரு சிரிப்பு. 'ஹரிணிகா' என்று எழுதினாள். அந்த ஹரிணிகா குனிந்து வந்து அவள் கையில் ஒரு நெல்லிக்காயை வைத்துவிட்டு ஓடினாள். மிருதுளா அதை வாங்கி, பாதியைக் கடித்து, மீதிப் பாதியை ஹரிணிகாவிடமே நீட்டினாள். பேரை மட்டும் அழிக்கவில்லை.

பூங்கொடிக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை மாதமாக வகுப்பில் பேர் எழுதுகிறவள் தன் மகள்தான். அவள் எப்படிப் பேசுவாள்? பேசினால் தன் பேரையல்லவா எழுத வேண்டும். பகல் முழுக்கச் சேர்த்து வைத்த பேச்சைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறாள். நெஞ்சில் கிடந்த கல் இறங்கியதுபோல் இருந்தது பூங்கொடிக்கு. அவ்வளவு சந்தோஷம். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த அசைவில் மிருதுளா நிமிர்ந்தாள். எல்லாப் பிள்ளைகளின் அம்மாக்களும் ஜன்னலில் வந்து பார்த்திருக்கிறார்கள். அவளுடைய அம்மா வந்ததே இல்லை.

"அம்மா!"

சொல்லிவிட்டாள். வகுப்பே அவளைப் பார்த்தது. மிருதுளா உதட்டைக் கடித்துக்கொண்டாள். மெதுவாகத் திரும்பினாள். ஹரிணிகாவுக்குக் கீழே 'மிருதுளா' என்று எழுதினாள்.

பூங்கொடியால் தாங்க முடியவில்லை. "எழுதாத சாமி, அழிச்சிரு" என்று சொல்லிவிட்டாள்.

மிருதுளா அம்மாவையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு தன் பேருக்குக் கீழே 'அம்மா' என்று எழுதினாள்.

சென்னியப்பன் திரும்பி வந்து பட்டியலைப் படித்தார். பேர் எழுதப்பட்டவர்களின் பெற்றோரைத் திங்கட்கிழமை தனியாகப் போய்ப் பார்ப்பது பள்ளியின் வழக்கம்.

"மிருதுளாவோட அம்மாவ இன்னிக்கே பாத்தாச்சு. அது முடிஞ்சுது. அடுத்தது உங்க பேருங்க, அம்மிணி. உங்க அப்பா எந்த ஊருங்க?"

"காங்கேயத்துக்குப் பக்கமுங்க."

"அவ்வளவு தூரம் பள்ளிக்கோடம் நடக்காதுங்க. அவர இங்க வரச் சொல்லிருங்க. சொந்த வாசல்ல நின்னாத்தான் எங்களுக்கு அடையாளம் தெரியும். அதையும் சொல்லிருங்க."

சாப்பாட்டு மணி அடித்ததும் பிள்ளைகள் ஒரு அங்குலம் கூடுதலாக மூச்சை இழுத்தார்கள். பூங்கொடி ஜன்னல் வழியாகவே கையை நீட்டி வகுப்பறைப் படியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாள். இரண்டாம் வகுப்பு, சுவரில் கொஞ்சம் சுண்ணாம்பை விட்டுவிட்டு, பின்னால் நகர்ந்து போய்விட்டது.

சாயங்காலம் பூங்கொடி தன் அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"அப்பா, திங்கக்கெழம பள்ளிக்கோடத்துலிருந்து உங்களப் பாக்கோணுங்கறாங்க. நீங்க இங்க வந்து, உங்க சொந்த வாசல்லயே நிக்கோணுமாமா."

"என்னம்மிணி பண்ணுனே?"

"கிளாஸ்ல பேசிட்டனுங்கப்பா."

அப்பா ஒரு பெருமூச்சு விட்டார். "செரி, வூட்டோட வந்தர்றோம். உங்க சந்து எத்தன அகலம்?"

பூங்கொடி டேப்பை எடுத்தாள். மறுமுனையை மிருதுளா பிடித்துக்கொண்டாள். "அம்பத்தேழுங்கப்பா" என்றாள் பூங்கொடி. இந்தத் தடவை தையலுக்கு விடவில்லை.

போனில், அப்பா வீட்டிலிருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு மூச்சை இழுக்கச் சொல்வது கேட்டது. எருமைக்கு இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.