விறகு அடுக்கியாச்சு

“அண்ணன எரிக்கக் கூடாது. புதைக்கணும்.”

ஆஸ்பத்திரி வாசலில் நின்ற பட்டாசுக் கம்பெனி வேனுக்குள் முத்துச்செல்வி இப்படிச் சொன்னதும், அந்தக் கம்பெனியில் ஃபோர்மேனாக இருக்கும் தாய்மாமன் காளீஸ்வரன் அவசரமாக ஜன்னல் கண்ணாடியை இழுத்துச் சாத்தினார். இந்தப் பேச்சை மட்டும் எடுக்கவே கூடாது என்று காலையிலிருந்து அவளிடம் சொல்லிச் சொல்லி அலுத்திருந்தார். வெளியே மரத்தடியில் உட்கார்ந்து இரண்டு போலீஸ்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் நின்ற அமரர் ஊர்தியில் அவள் அண்ணன் சிவபாண்டி, தலையிலிருந்து கால்வரை வெள்ளைத் துணி சுற்றிக் கிடந்தான்.

பைக் களவு விசாரணை என்று முந்தாநாள் சாயங்காலம் கூட்டிப்போனார்கள். நேற்று விடிந்ததும், வலிப்பு வந்து செத்துவிட்டான் என்றார்கள். சீசன் நேரத்தில் ராவும் பகலும் லோடு ஏற்றியும் தலைவலி என்று ஒருநாள் உட்காராதவனுக்கு வலிப்பாம். துக்கம் கேட்டு வந்தவர்களிடம் மாமாவும் அதையேதான் சொன்னார்.

“விறகு அடுக்கியாச்சு தாயி. இன்ஸ்பெக்டர்ட்ட வாக்குக் குடுத்துட்டேன்.”

“வாக்குக் குடுக்க நீங்க யாரு மாமா? நாளைக்குக் கோர்ட்டு மறுபடி உடம்பப் பாக்கணும்னா, சாம்பலையா அள்ளிக் காட்டுவீக?”

“காலேஜுக்குப் போனவ வாயப் பாரு!”

“போக வச்சது அவன். ஒங்க கம்பெனிப் பெட்டியச் சொமந்து.”

அதுவரை முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக் கிடந்த அம்மா வெள்ளைத்தாய் தலை நிமிராமலே சொன்னாள்.

“நம்ம வகையில எரிக்கிறதுதாண்டி வழக்கம்.”

“அப்பாவ எரிச்சியா?”

வெடி விபத்தில் அப்பா செத்தபோது, வெந்த உடம்பை மறுபடி தீயில் போடாதீக என்று ஊரையே மறித்து நின்று புதைக்க வைத்தவள் அம்மாதான்.

“அவரு வெந்து செத்தாரு.”

“இவன்?”

“இவன் அடிபட்டு...”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“யக்கா, மெதுவா! வெளிய கேட்டுரப் போகுது” என்றார் மாமா.

அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள். பொத்திய துணியை மெல்ல எடுத்தாள்.

“அடிச்சுத்தானலே கொன்னாங்க. நீயும் பாத்தேல்ல அவன் காலை?”

மாமா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“ஒங்கப்பா பக்கத்துல எடம் இருக்குமாடி?”

“இருக்கு. விடியக்காலமே குழி வெட்டச் சொல்லிட்டேம்மா.”

வேன் கதவைத் தள்ளிக்கொண்டு முத்துச்செல்வி இறங்கினாள். போலீஸ்காரர்கள் டீ தம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்கள். அவர்களைத் தாண்டி, அமரர் ஊர்தி டிரைவரைப் பார்த்து நடந்தாள்.